பளபளக்கும் ஹால், சவசவத்த தோசை

முப்பது நாற்பது வருடமாக ஓடிக்கொண்டிருந்த பேட்டை டிபன் ஓட்டல் ஒரு நாள் பூட்டப்படுகிறது. ஷட்டர் மேல் 'புதுப்பொலிவுடன் விரைவில்' என்று ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் தொங்குகிறது. மூன்று மாதமோ ஆறு மாதமோ உள்ளே டைல்ஸ் வெட்டும் சத்தம். பிறகு வாழைமரம் கட்டித் திறக்கிறார்கள், தெருவே போய்ப் பார்க்கிறது. ஃபால்ஸ் சீலிங்கில் விளக்குகள், குஷன் வைத்த இருக்கைகள், சுவர் முழுக்கப் பழைய சென்னையின் கறுப்பு வெள்ளைப் படங்கள், கண்ணாடிக் கதவுக்குள் ஏ.சி. குளிர். சாப்பிட்டுவிட்டு வெளியே வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "இடம் நல்லாத்தான் இருக்கு. ஆனா டேஸ்ட் முன்ன மாதிரி இல்ல." மதுரை, கோவை, திருச்சி என்று எந்த ஊரிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். கேட்பவர்கள் இதைப் பழசின் மேல் உள்ள பாசம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது தவறு என்பது என் கட்சி. அந்தச் சாப்பாடு பெரும்பாலும் உண்மையிலேயே மட்டமாகத்தான் ஆகியிருக்கிறது. அதற்குக் காரணம் கவனக்குறைவோ பேராசையோ மட்டும் இல்லை. ஹாலுக்குப் போட்ட காசைத் தட்டிலிருந்து எடுத்தாக வேண்டிய நிலையை அந்தப் புதுப்பிப்பே உண்டாக்கிவிடுகிறது.

கணக்கிலிருந்து தொடங்கலாம். நடுத்தர ஓட்டல் ஒன்றைப் புதுப்பிக்க 50 லட்சம் ரூபாய் வேலை என்று வைத்துக்கொள்வோம். டைல்ஸ், மின்வேலை, மேசை நாற்காலி, ஒப்பந்த வேலை ஆகியவற்றுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. என்றால் வரி மட்டும் 9 லட்சம். ஏ.சி. இயந்திரத்துக்கு 2025 செப்டம்பர் வரை 28 சதவீதம் வரி இருந்தது. மற்ற தொழில் செய்பவர்கள் இயந்திரத்துக்கும் மேசை நாற்காலிக்கும் கட்டிய வரியைத் தாங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். பேட்டை ஓட்டல்காரருக்கு அந்த வசதி இல்லை. 2017 நவம்பர் 15 முதல் இத்தகைய உணவகங்களின் பில்லில் 5 சதவீத வரிதான், ஆனால் உள்ளீட்டு வரியைக் கழிக்க முடியாது என்பது விதி. சாப்பிடுகிறவருக்கு அது லாபம். கட்டடம் புதுப்பிக்கிறவருக்கு ஒவ்வொரு டைல்ஸ் வில்லையும் வரியோடு சேர்ந்து கைக்காசு. 50 லட்சத்தையும் வங்கியில் 12 சதவீத வட்டிக்கு ஐந்து வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 1,11,000 ரூபாய். ஒரு தோசையில் எல்லாச் செலவும் போகப் பத்து ரூபாய் மிஞ்சுகிறது என்றால், அந்தத் தவணைக்காக மட்டும் தினமும் 370 தோசை கூடுதலாக விற்க வேண்டும். இத்தனைக்கும் ஹாலின் வாடகையையும் ஏ.சி.யின் மின்கட்டணத்தையும் இன்னும் சேர்க்கவில்லை.

கூடுதலாக 370 தோசை விற்கலாமே, புது இடத்துக்குக் கூட்டம் வருமே என்று தோன்றும். வரும், ஆனால் உட்கார்ந்துவிடும். பழைய ஹாலில் 60 பேர் உட்காரலாம், ஒருவர் இருபது நிமிடத்தில் எழுந்துவிடுவார் என்றால் மணிக்கு 180 பேர் சாப்பிட முடிந்தது. பெஞ்சும் மின்விசிறிக் காற்றும் எதிரே நிற்கும் அடுத்த ஆளும் யாரையும் அதிக நேரம் உட்காரவிடாது. புது ஹாலில் இடைவெளி விட்டு மேசை போட்டதில் 48 இருக்கைதான் மிஞ்சுகிறது. குஷனும் குளிரும் மெனு கார்டும் சேர்ந்து ஒருவரை நாற்பது நிமிடம் உட்கார வைக்கின்றன. அப்படியானால் மணிக்கு 72 பேர், அதாவது பாதிக்கும் கீழே. கடன் ஏறியிருக்கிறது, தலைக்கணக்கு இறங்கியிருக்கிறது. இந்த இடைவெளியை நிரப்ப உரிமையாளருக்கு இரண்டு வழிதான் உண்டு. விலையை ஏற்றலாம், தட்டில் போவதைக் குறைக்கலாம். பெரும்பாலானவர்கள் இரண்டையும் செய்கிறார்கள்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டு ஓட்டல்களின் ஒரு பழைய ஏற்பாட்டை நினைவுபடுத்த வேண்டும். ஒரே சமையலறை, இரண்டு ஹால்: சாதா ஹாலில் ஒரு விலை, மாடியிலோ பக்கத்திலோ இருக்கும் ஏ.சி. ஹாலில் அதே இட்லிக்குக் கூடுதல் விலை. ஆட்டோ ஓட்டுகிறவரும், மேன்ஷனில் தங்கியிருக்கும் இளைஞரும், பள்ளிக்குப் பிள்ளையை விட்டுவிட்டு வரும் அப்பாவும் கீழே சாப்பிட்டார்கள். குடும்பமாக வந்தவர்கள் மேலே போனார்கள். கீழே இருந்த கூட்டத்தால் மேலே போகும் சட்னியும் அரைத்த சூடு ஆறாமல் இருந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ஏ.சி. உணவகத்துக்கு 18, ஏ.சி. இல்லாததற்கு 12 என்று வரி வேறுபட்டது. அந்த நவம்பரிலேயே இரண்டுக்கும் 5 என்று ஆகிவிட்டது. ஏ.சி. போட்டால் வாடிக்கையாளருக்கு வரி ஏறும் என்ற தயக்கம் அத்தோடு போயிற்று. புதுப்பிக்கும்போது சாதா ஹாலை இடித்து முழுவதையும் ஏ.சி. ஆக்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். அப்படி இடிக்கும்போது மலிவு விலை இட்லியோடு இன்னொன்றும் போகிறது, அது சமையலறையின் ஓட்டம்.

டிபன் ஓட்டலின் சுவை பெருமளவு அந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது. தேங்காய்ச் சட்னி நம் ஊர் வெயிலில் சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது. கூட்டம் ஓடிக்கொண்டே இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை அரைப்பார்கள். கூட்டம் எப்போது வரும் என்று தெரியாதபோது காலையிலேயே மொத்தமாக அரைத்துக் குளிர்பெட்டியில் வைப்பார்கள். கெட்டியாக நிற்கவும் தேங்காயை மிச்சம் பிடிக்கவும் பொட்டுக்கடலை கூடும். 2025-ல் தேங்காய் விலை ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு இந்த ஆசை இன்னும் வலுத்திருக்கிறது. சாம்பாரும் அப்படித்தான். அடுப்பிலிருந்து இறக்கிச் சுடச்சுட ஊற்றும்போது பருப்பும் புளியும் பெருங்காயமும் தனித்தனியாகத் தெரியும். வெந்நீர்த் தொட்டிக்குள் பாத்திரத்தை இறக்கி மூன்று மணி நேரம் சூடு காட்டிக்கொண்டிருந்தால் காய் கரையும், வாசனை ஆவியாகும், அடியில் பருப்பு தடித்துப்போகும். அதில் வெந்நீர் விட்டுக் கலக்கித்தான் கிண்ணத்தில் ஊற்றுவார்கள். இட்லி மாவைப் புளிக்க வைக்கும் லூக்கோனாஸ்டாக் போன்ற நுண்ணுயிர்கள் நம் விற்பனைக்காகக் காத்திருப்பதில்லை. ஒரு ராத்திரி புளித்த மாவு மறுநாள் காலை முடிவதற்குள் தீர வேண்டும். தீராதது குளிர்பெட்டிக்குப் போகிறது, சாயங்காலம் அங்கிருந்து நேராகத் தோசைக்கல்லுக்கு வருகிறது. செய்முறையில் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள். காத்திருக்கும் நேரம் மாறியிருக்கும்.

தோசையை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் புதுப்பிப்பில் அதிகம் அடிபடுவது அதுதான். பல வருடம் பழகிய தோசைக்கல் தடித்த இரும்பு. எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்ந்து அதன் மேல் வழவழப்பான ஒரு படலமாக இறுகியிருக்கும். கனமாக இருப்பதால் சூட்டைத் தேக்கி வைத்துக்கொள்ளும், குளிர்ந்த மாவு விழுந்தாலும் சட்டென்று இறங்காது. மாஸ்டர் தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் தேய்க்கும்போது எழும் சத்தத்தை வைத்தே கல்லின் பதத்தைத் தெரிந்துகொள்வார். சூடு அதிகமென்றால் மாவு கரண்டியோடு சுருண்டுவிடும், குறைந்தால் ஒட்டிக்கொள்ளும். பொன்னிறமும் அந்த வாசனையும் கிடைக்க மாவின் மேற்பரப்பு 140 டிகிரி செல்சியசுக்கு மேல் போக வேண்டும். மாவில் உள்ள புரதமும் சர்க்கரையும் அந்தச் சூட்டில்தான் வினைபுரிந்து சிவக்கும். புது சமையலறைக்கு வரும் புதுக் கல் பெரும்பாலும் மெல்லியது, படலம் ஏறாதது. குளிர்பெட்டி மாவு அதில் விழுந்தால் சூடு சரிகிறது, தோசை வெளுத்துப்போய் எழுகிறது. சரியாக வந்துவிட்ட தோசைக்கும் ஆயுள் குறைவு. மூன்று நான்கு நிமிடத்தில் உள்ளே இருக்கும் ஆவி மேலோட்டை நனைத்துவிடும். பழைய ஓட்டலில் கல்லுக்கும் மேசைக்கும் நடுவே பத்து எட்டுதான். புது அமைப்பில் இருக்கைக்கு இடம் வேண்டி சமையலறையைப் பின்பக்கமோ மாடிக்கோ தள்ளிவிடுகிறார்கள். தோசை ஜன்னலில் காத்திருக்கிறது, ஏ.சி. காற்றைக் கடந்து வருகிறது, குளிர்ந்த பீங்கான் தட்டில் இறங்குகிறது. அந்த வழவழப்பில் ஆவி நீராகி அடிப்பக்கம் சவசவக்கிறது. மேலே முறுகலாகத் தெரியும் தோசையைப் புரட்டிப் பார்த்தால் ஈரம்.

ஆர்டர் எடுக்கும் முறையும் இதில் சேரும். "ஒரு ரோஸ்ட், நல்லா முறுகலா, பெரியவருக்கு ஒரு ஊத்தப்பம், மெதுவா, எண்ணெய் கம்மியா" என்று சப்ளையர் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். கேட்டவர் யார் என்பது மாஸ்டருக்கும் தெரியும். இப்போது சப்ளையர் கையில் இருக்கும் கருவியில் 'ரோஸ்ட் – 1' என்று தட்ட மட்டும்தான் இடம் இருக்கிறது. மெதுவா, முறுகலா, எண்ணெய் கம்மியா என்பதெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. அதே கல்லுக்கு ஸ்விக்கி, சொமேட்டோ ஆர்டர்களும் வந்து நிற்கின்றன. நூற்றுக்கு இருபது ரூபாயும் அதற்கு மேலும் அவர்களுக்குக் கமிஷன் கொடுக்கும் ஓட்டல்காரர், அந்த ஆர்டர் தாமதமானால் தரவரிசையில் கீழே போவார். ஹாலில் உட்கார்ந்திருப்பவர் பொறுத்துக்கொள்வார் என்பது அனுபவம். அதனால் பார்சல் முந்துகிறது.

இவையெல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. கடை பூட்டியிருந்த அந்த நான்கு ஐந்து மாதம் மாஸ்டர் என்ன செய்திருப்பார்? சாம்பார், குருமா, பொங்கல் பார்க்கும் சரக்கு மாஸ்டருக்கும், தோசை மாஸ்டருக்கும், காபி போடுகிறவருக்கும் குடும்பம் இருக்கிறது, பிள்ளைகளின் பள்ளிக்கட்டணம் இருக்கிறது. கடை திறக்கும்வரை சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் முதலாளிகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் குறைவு. முதல் மாதம் பாதிச் சம்பளம், இரண்டாம் மாதம் கைமாற்று, மூன்றாம் மாதம் அவர் வேறு கடையில் கல்லின் முன் நிற்கிறார். அந்த ஓட்டலின் சாம்பார் பொடிக்கு எழுதி வைத்த அளவு இருக்கலாம். இன்றைக்கு வந்த துவரம்பருப்பு எவ்வளவு நேரம் வேகும், இந்த மழைக்கு மாவு எப்போது பொங்கும், பழைய அரிசிக்கும் புது அரிசிக்கும் தண்ணீர் எவ்வளவு மாறும் என்பதையெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை. அது அவர் கையில் இருந்தது, அவரோடு போய்விட்டது. புதிதாக வருகிறவர்களில் பலர் ஒடிசா, பீகார், அசாம், மேற்கு வங்கத்திலிருந்து வந்த இளைஞர்கள். சுவை கெட்டதற்கு அவர்கள்மேல் பழி போடுவது அநியாயம். இட்லியே சாப்பிட்டு வளராத ஒருவர் நல்ல இட்லி ஊற்றக் கற்றுக்கொள்ள முடியும், எத்தனையோ பேர் கற்றும் இருக்கிறார்கள். ஆனால் கற்றுக்கொடுக்கப் பக்கத்தில் ஒரு மாஸ்டர் நிற்க வேண்டும். அவரை அனுப்பிவிட்டு, வந்தவர்களைக் கற்றுக்கொடுக்காமலே கல்லின் முன் நிறுத்துவதுதான் தவறு.

பிறகு மெனு கார்டு. பழைய கடையில் சுவரில் எழுதிய பதினைந்து இருபது அயிட்டம் இருந்தது. புதுக் கடையில் அட்டை போட்ட பத்துப் பக்கம்: சூப், தந்தூரி, பனீர் வகைகள், ஃப்ரைட் ரைஸ், கோபி மஞ்சூரியன், சாட், மில்க் ஷேக். அதிகம் விலை வைக்கக்கூடியவை இவைதான் என்பதால் கடன் கட்ட இவை தேவைப்படுகின்றன. இத்தனையையும் ஒரே சமையலறை எப்படிச் செய்யும்? வெங்காயம்-தக்காளி, தக்காளி-வெண்ணெய், முந்திரி என்று இரண்டு மூன்று கிரேவியை மொத்தமாகக் கிண்டி வைத்துக்கொண்டு, கேட்பதற்கு ஏற்பப் பனீரையோ காளானையோ பட்டாணியையோ அதில் புரட்டுவார்கள். பெயர் இருபது, குழம்பு மூன்று. இதற்கு வேண்டிய குளிர்பெட்டியும் அடுப்பும் ஆளும் இட்லிப் பக்கத்திலிருந்துதான் போகின்றன. கிரைண்டர் மூலைக்குத் தள்ளப்படுகிறது, சில இடங்களில் மாவே வெளியிலிருந்து டிரம்மில் வந்து இறங்குகிறது. காபியும் கடைசி வரிசைக்குப் போய்விடுகிறது. டிகாக்‌ஷன் இறங்கிய சூட்டோடு கலந்தால்தான் மணம். ஃப்ளாஸ்கில் மணிக்கணக்காகக் கிடந்தால் புளிப்பும் கசப்பும் ஏறும். காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்கிறது உணவுப் பாதுகாப்பு விதி. காசைப் பிடிக்க நினைப்பவருக்குச் சட்டம் விட்டு வைத்திருக்கும் இடமும் அவ்வளவு பெரியது.

சமையலறையில் எதுவுமே மாறவில்லை என்று வைத்துக்கொண்டாலும் நாக்குக்கு மாறித் தெரிய ஒரு வழி இருக்கிறது. டைல்ஸ் தரை, கண்ணாடி, ஜிப்சம் கூரை மூன்றும் ஒலியைத் திருப்பி அடிப்பவை. கதவு சாத்திய ஹாலில் பேச்சும் தட்டுச் சத்தமும் ஸ்பீக்கர் பாட்டும் சேர்ந்தால் 80 டெசிபலைத் தொடுவது அரிதில்லை. விமானத்துக்குள் கேட்கும் அளவு இரைச்சலைக் காதில் கேட்க வைத்துச் சுவை பார்க்கச் சொன்ன ஒரு சோதனையை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிம்பர்லி யான், ராபின் டாண்டோ இருவரும் 2015-ல் வெளியிட்டார்கள். இரைச்சலில் இனிப்பு மங்கித் தெரிந்தது. கேசரியும் காபியும் 'சப்பென்று' இருப்பதாகச் சொல்கிறவர் சர்க்கரையைக் குறை சொல்வார், காரணம் காதிலும் இருக்கலாம். எதிர்பார்ப்பின் பங்கும் உண்டு. ஒருவருடைய திருப்தி கிடைத்ததை மட்டும் பொறுத்தது இல்லை, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள தூரத்தைப் பொறுத்தது என்று சந்தையியல் அறிஞர் ரிச்சர்ட் ஆலிவர் 1980-லேயே எழுதினார். ஹாலில் போட்ட ஒவ்வொரு விளக்கும் அந்த எதிர்பார்ப்பை ஏற்றுகிறது. சுமாரான இட்லி பழைய பெஞ்சில் மன்னிக்கப்பட்டிருக்கும். புது விலையில், புது வெளிச்சத்தில், மன்னிப்பு இல்லை.

இதைப் படிக்கும் ஓட்டல்காரர் முதலில் கேட்கப்போவது தெரிந்ததுதான்: பழசு எல்லாவற்றையும் தூக்கி வைத்துப் பேசுகிறீர்களே, அந்தப் பழைய கடையின் பின்கட்டைப் பார்த்திருக்கிறீர்களா? நியாயமான கேள்வி. கரி படிந்த சுவர், தண்ணீர் தேங்கும் தரை, பெண்களுக்குக் கழிப்பறையே இல்லாத ஏற்பாடு, முட்டி வலிக்காரர் ஏற முடியாத படி, இவையெல்லாம் ஓட்டலின் மரபு என்று காப்பாற்ற வேண்டியவை இல்லை. இன்னும் பின்னே போனால், ஓட்டல் என்பதே எல்லோருக்கும் சமமாகத் திறந்திருந்த இடமும் இல்லை. திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் 'பிராமணாள்' பெயர்ப்பலகையை எதிர்த்து 1957-ல் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது. புதுப்பிக்க வேண்டிய ஓட்டல்கள் நிறைய. என் வாதம் புதுப்பிக்கக் கூடாது என்பதில்லை. எங்கே தொடங்குகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. சுத்தம் என்ற பெயரில் நடக்கும் பல புதுப்பிப்புகளில் சமையலறைக்குப் போகும் பங்கு சின்னது. சமைக்கிறவர்கள் நிற்கும் இடம் முன்னைவிடக் குறுகிப்போன கடைகளும் உண்டு. சுத்தம்தான் நோக்கம் என்றால் புகைபோக்கியும் வடிகாலும் பாத்திரம் கழுவும் இடமும் முதலில் மாறியிருக்க வேண்டும், கூரை விளக்கு கடைசியில் வந்திருக்க வேண்டும்.

பழசின் மேல் உள்ள பாசத்தால்தான் புதுசு பிடிக்கவில்லை என்ற வாதத்துக்குப் பதில் பெங்களூரில் இருக்கிறது. 1980களில் அங்கே தொடங்கிய தர்ஷினி கடைகள் தோற்றத்தில் பழமைக்கு நேர் எதிர். எவர்சில்வர், டைல்ஸ், நின்றுகொண்டே சாப்பிடும் மேசை, டோக்கன். பழைய உடுப்பி ஓட்டலின் சாயல்கூட இல்லை. ஆனாலும் ஜனங்கள் முகம் சுளிக்கவில்லை, ஊர் முழுக்க அவை பெருகின. காரணம், கண் எதிரே திறந்திருக்கும் சமையலறை, சின்னப் பட்டியல், பத்து நிமிடத்தில் நகரும் கூட்டம். போட்ட காசு கல்லுக்கும் மாவுக்கும் போனது. வயதானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் அங்கே படும் சிரமத்தை நான் மறைக்கவில்லை. அந்த முறையை அப்படியே எல்லா ஊரும் எடுத்துக்கொள்ள முடியாது. புதுத் தோற்றத்தை நாக்கு வெறுப்பதில்லை என்பதற்கு மட்டும் அதைச் சாட்சியாகக் கூப்பிடுகிறேன். அதே ஊரில் 1924-ல் தொடங்கிய மாவள்ளி டிபன் ரூம்ஸ் இன்னொரு சாட்சி. அதை நடத்திய யக்ஞநாராயண மய்யா 1951-ல் ஐரோப்பா போய் அங்குள்ள உணவகங்களின் சுத்தத்தைப் பார்த்துவிட்டு வந்து, பாத்திரங்களை நீராவியில் சுத்தம் செய்வது போன்ற மாற்றங்களைச் செய்தார். அதுவும் புதுப்பிப்புத்தான். அது சமையலறையில் தொடங்கியது.

மூன்றாவது ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. விலைவாசி ஏறிவிட்டது, 19 கிலோ வணிக சிலிண்டரின் விலை மாதா மாதம் ஆடுகிறது, வாடகை ஏறுகிறது, பக்கத்துத் தெருவில் கண்ணாடி மின்னும் புதுக் கடை வந்துவிட்டது. புதுப்பிக்காமல் இருந்தால் குடும்பங்கள் வராது, கடையே மூடிவிடும் என்கிறார்கள். உண்மைதான். இளைய தலைமுறை முதலாளி ஒருவர் அப்பாவின் கடையைக் காப்பாற்ற எடுத்த கடன் அது என்பதையும் மறக்கக்கூடாது. ஆனால் இந்த வாதம் அவருக்கே எதிராகத் திரும்புகிறது. ஹாலைப் பார்க்க வருகிற கூட்டம் ஒரு தடவை வரும், படம் எடுக்கும், போய்விடும். ஐந்து வருடத் தவணையைக் கட்டப்போவது வாரத்தில் நான்கு நாள் வந்த பழைய வாடிக்கையாளர். அவர் வந்தது இட்லிக்கு. அவரை இழந்துவிட்டு, அதைவிடப் பளபளப்பான கடை ஒன்று திறக்கும்வரை மட்டுமே தங்கும் கூட்டத்தை நம்பிக் கடன் வாங்குவது வியாபாரக் கணக்கிலும் தப்பு. திறந்த புதிதில் எல்லாம் முன்பின்னாகத்தான் இருக்கும், கல் பழக வேண்டும், ஆள் பழக வேண்டும் என்று சொல்வார்களே, அதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். இரண்டு மாதம் தரலாம். அதற்குள் கல் பழகிவிடும். பத்துப் பக்க மெனுவும் பின்பக்கச் சமையலறையும் எத்தனை மாதம் போனாலும் பழகாது.

சாப்பிடப் போகிறவர்கள் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. திறந்த வாரத்தில் போய்த் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பிறகு ஒரு நாள் காலையில், கூட்ட நேரத்தில் போங்கள். இட்லி, தோசை, காபி மூன்றும் கேளுங்கள். தோசை எப்படி வேண்டும் என்பதை வாயால் சொல்லி, மாஸ்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். சரியில்லை என்றால் செல்போனில் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவதைவிட, கல்லாவில் இருப்பவரிடம் எது சரியில்லை என்று இரண்டு வார்த்தை சொல்வது அவருக்கு உதவும். "சட்னி புளிச்சிருக்கு சார்" என்பது அவர் உடனே சரிசெய்யக்கூடிய தகவல். பில்லில் சேவைக் கட்டணம் என்று ஒரு வரி தானாக ஏறியிருந்தால் அதை எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வெளியிட்ட நெறிமுறையை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்திருக்கிறது.

புதுப்பிக்க நினைக்கும் ஓட்டல்காரர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். சமையலறையை முதலில் கட்டுங்கள், ஹாலில் ஒரு பகுதியையாவது சாதா ஹாலாக விட்டு வையுங்கள், பழைய தோசைக்கல்லைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். முடிந்தால் கடையை மொத்தமாகப் பூட்டாமல் பாதி பாதியாக வேலை செய்யுங்கள். முடியாவிட்டால், பூட்டியிருக்கும் மாதங்களில் மாஸ்டர்களுக்குச் சம்பளத்தைக் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர், ஆளுக்கு மாதம் 30,000 ரூபாய், நான்கு மாதம் என்றால் 3,60,000 ரூபாய் ஆகும். 50 லட்சம் ரூபாய் வேலைக்குக் கட்டிய வரியில் அது பாதிகூட இல்லை.